ஆட்டைத் தடுத்த படி

1932 ஏப்ரல் 24. இங்கிலாந்தின் மான்செஸ்டர் பகுதியிலிருந்து சுமார் 400 பேர் கிண்டர் ஸ்கௌட் மலைமேட்டுக்குள் அத்துமீறி நுழைந்தார்கள். அது செல்வந்தர்கள் பறவை வேட்டைக்காகப் பூட்டி வைத்திருந்த நிலம். காவலாட்களோடு கைகலப்பு. தலைமை தாங்கிய பென்னி ராத்மன் உட்பட 5 பேருக்குச் சிறை.

1949-ல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 1951-ல் அந்தப் பகுதியே பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவானது.

நடக்கும் உரிமை கிடைத்துவிட்டது. யாருக்கு? காலைத் தூக்கி வைக்க முடிந்தவர்களுக்கு!

அங்கே வயல்வழிப் பொதுப்பாதைகளில் 'ஸ்டைல்' என்று ஒன்று உண்டு (ரஜினி ஸ்டைல் அல்ல!). வேலியை மனிதர் மட்டும் ஏறித் தாண்ட மரத்தாலோ கல்லாலோ அமைத்த படி அது. விவசாயியைக் குறை சொல்ல முடியாது. ஆடு ஓடிப்போனால் நஷ்டம் அவருக்குத்தானே? ஆனால் ஆட்டைத் தடுத்த அதே படி சக்கர நாற்காலியையும், மூட்டுவலிப் பாட்டியையும், தள்ளுவண்டியில் குழந்தையோடு வந்த தாயையும் தடுத்தது. எத்தனை மைல் நல்ல பாதை இருந்தென்ன, நடுவில் ஒரே ஒரு ஸ்டைல் போதும், வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

புதிய ஸ்டைலுக்கு அனுமதி தரும்போது நடக்கச் சிரமப்படுவோரையும் உள்ளாட்சி நிர்வாகம் கருத்தில் கொள்ள வேண்டும் என்று சட்டம் சொன்னது 2000-ல்தான். கிண்டர் ஸ்கௌட்டுக்கு 68 வருடம் கழித்து!

பிறகு லேக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்கா, ஸ்டைலே இல்லாத பாதைகளை 'எல்லோருக்கும்', 'பலருக்கு', 'சிலருக்கு' என மூன்றாகப் பிரித்து அறிவித்தது. முதல் வகையில் ஏற்றம் 10-க்கு 1-ஐத் தாண்டாது. 'சிலருக்கு' என்று நேர்மையாக ஒப்புக்கொண்டதுதான் இதில் பெரிய விஷயம். சக்கர நாற்காலியில் போகிறவர் வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே முடிவு செய்துகொள்ளலாம்.