அசையாதே... அசை! - முழங்கால் சிகிச்சையின் கதை



மூன்று மாதத்துக்கு முன் கல்லூரி கபடி மேட்சில் நான் ஒரு பக்கம் திரும்ப, முழங்கால் இன்னொரு பக்கம் திரும்பியது. 'டப்' என்று ஒரு சத்தம். ஏசிஎல் என்கிற முன் சிலுவை ஜவ்வு அறுந்துவிட்டது. போன மாதம் ஆபரேஷன். மறுநாள் காலையிலேயே பிசியோ அக்கா வந்து, "தம்பி, முட்டியை நல்லா கீழே அழுத்துங்க, தொடையை இறுக்குங்க" என்றார்.

வீட்டில் ஆரம்பித்தது சண்டை. "அறுத்துத் தெச்ச காலை ஆட்டலாமாடா? ஒரு மண்டலம் படுக்கைல கிடக்கணும்" என்றார் பாட்டி. பெரியப்பா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு 1981-ல் முழங்காலில் அடிபட்டு ஆறு வாரம் மாவுக்கட்டு போட்டார்கள். அதற்குப் பிறகு அந்தக் கால் முழுதாக மடங்கியதே இல்லை. கல்யாண வீட்டில் எல்லோரும் தரையில் பந்தியில் உட்கார, அவர் மட்டும் ஓரமாக நாற்காலியில்.

யார் சொல்வது சரி? காமர்ஸ் படிக்கிறவனுக்கு எதற்கு இந்த ஆராய்ச்சி என்று கேட்காதீர்கள். படுத்துக்கொண்டே வேறு என்ன செய்வது? :-) தேடிப் படித்ததில் தெரிந்தது, எங்கள் வீட்டுச் சண்டை நூற்றைம்பது வருடப் பழசு.

ஓய்வின் காலம்

19-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பாட்டி கட்சிதான் ஆளுங்கட்சி. லண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹில்டன், ஓய்வுதான் பெரிய மருந்து என்று 1863-ல் புத்தகமே போட்டார். லிவர்பூலின் ஹியூ ஓவன் தாமஸ் இன்னும் ஒரு படி மேலே போய், மூட்டு நோய்க்கு நீண்ட, இடைவிடாத ஓய்வு வேண்டும் என்றார். அவர்களை முட்டாள்கள் என்று சொல்லிவிட முடியாது. அன்றைக்கு முழங்காலின் பெரிய எதிரி காசநோய், ஆன்டிபயாடிக் கிடையாது. மூட்டை அசையாமல் வைப்பதை விட்டால் கையில் அதிகம் ஆயுதம் இல்லை. பிரான்சில் லூகாஸ் ஷாம்பியோனியேர் மட்டும், உடைந்த எலும்பைக்கூட சீக்கிரம் அசைக்க வேண்டும் என்று வாதாடினார். பெரிதாக எடுபடவில்லை.

இதற்கிடையே அறுவை சிகிச்சை வளர்ந்தது. 1895-ல் லீட்ஸ் நகரில் மேயோ ராப்சன், ஒரு சுரங்கத் தொழிலாளியின் அறுந்த சிலுவை ஜவ்வுகளைத் தைத்தார். 1917-ல் பிரிஸ்டலின் ஹே குரோவ்ஸ், தொடையின் பக்கவாட்டுத் திசுப் பட்டையை எடுத்துப் புது ஜவ்வாகப் பொருத்தினார். கத்தி முன்னேறியது, ஆனால் அதற்குப் பின் வரும் மாவுக்கட்டு 1970-கள் வரை பெரிதாக மாறவே இல்லை.

சம்மணத்துக்காக ஒரு கருவி

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. டோக்கியோவின் கென்ஜி தகாகி, 1918-ல் சிறுநீர்ப்பையைப் பார்க்கும் குழாயை ஒரு பிணத்தின் முழங்காலுக்குள் விட்டுப் பார்த்தார். ஏன் தெரியுமா? காசநோயால் முழங்கால் விறைத்துப் போனால் ஜப்பானில் மண்டியிட்டுத் தரையில் உட்கார முடியாது. அங்கே அது வெறும் உடல் குறை அல்ல, சபையில் உட்கார முடியாத குறை. நோயை முன்பே கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவர் நோக்கம். (படிக்கும்போது பெரியப்பாவின் நாற்காலிதான் கண்முன் வந்தது.)

அவருடைய மாணவர் மசாகி வதனாபே அந்தக் கருவியை மேம்படுத்தி, 1962-ல் சின்னத் துளை வழியாகவே கிழிந்த மெனிஸ்கஸின் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார. 1964-ல் டோக்கியோ போன கனடா மருத்துவர் ராபர்ட் ஜாக்சன் அதைக் கற்றுக்கொண்டு வட அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். பெரிய வெட்டு போய்ச் சின்னத் துளை வந்ததும், சீக்கிரம் அசைப்பது சுலபமானது.

பத்து, பத்து, பத்து

இரண்டாம் உலகப்போரின் முடிவில் அமெரிக்க ராணுவ மருத்துவமனைகள் நிரம்பி வழிந்தன. முழங்கால் அடிபட்ட சிப்பாய்கள் மாதக்கணக்கில் கிடந்தார்கள். சிகாகோ ராணுவ மருத்துவமனையில் தாமஸ் டிலோர்ம் என்ற மருத்துவர், சின்ன வயதில் வாத காய்ச்சலுக்குப் பின் எடை தூக்கித் தேறியவர். அதையே சிப்பாய்களுக்கும் செய்தார்: காலில் இரும்புச் செருப்பு மாட்டி, அதில் எடையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவது. 1945-ல் முடிவுகளை வெளியிட்டார். 1948-ல் வாட்கின்ஸோடு சேர்ந்து அதை மூன்று சுற்று, சுற்றுக்குப் பத்து முறை என்று சுருக்கினார். இன்று நம் ஊர் ஜிம்மில் மாஸ்டர் சொல்லும் 'மூணு செட், பத்து பத்து' அங்கிருந்து வந்ததுதான்!

சொல்பேச்சு கேட்காதவர்கள்

1970-ல் டொரண்டோவில் ராபர்ட் சால்டர் முயல்களின் மூட்டை மெஷினால் தொடர்ந்து அசைத்து ஆராய ஆரம்பித்தார். குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. மூட்டுத் திரவம்தான் அதற்குச் சாப்பாடு, அசைவு இருந்தால்தான் அது ஒழுங்காகப் போய்ச் சேரும். அசைத்த மூட்டுகள் நன்றாக ஆறின. (அந்த மெஷின் மனிதர்களுக்கும் வந்தது. முழங்கால் மாற்று சிகிச்சைக்குப் பின் அதனால் பெரிய லாபம் இல்லை என்று பிற்கால ஆய்வுகள் சொல்லிவிட்டன. தானே அசைப்பதுதான் முக்கியம்.)

1980-களில் இண்டியானாபோலிஸ் மருத்துவர் டொனால்ட் ஷெல்போர்ன் வேடிக்கையான ஒன்றைக் கவனித்தார். அவர் சொன்னதைக் கேட்காமல் காலை முழுதாக நீட்டி, ஊன்றி நடந்த நோயாளிகள்தான் நன்றாகத் தேறியிருந்தார்கள். புது ஜவ்வும் கெடவில்லை. வேறு யாராவது என்றால் திட்டியிருப்பார்கள். அவர் தன் முறையை மாற்றிக்கொண்டார். 1990-ல் வெளியான அவருடைய கட்டுரைக்குப் பின் ஏசிஎல் நோயாளிகளின் தலையெழுத்தே மாறியது.

பாட்டிக்கும் பாதி மார்க்

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2016-ல் வெளியான ஓர் ஆய்வு, ஒன்பது மாதம் வரை களத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மறுபடி அடிபடும் அபாயம் பாதியளவு குறைவதாகக் காட்டியது. அசைவு சீக்கிரம், ஆட்டம் தாமதம். ஆக, பொறுமை வேண்டும் என்பதில் பாட்டி சொன்னதும் தப்பில்லை.

என் கணக்குக்கு வருகிறேன். முதல் வாரம்: கால் முழுதாக நீண்டது. அடுத்து, முட்டி மடங்காமல் காலை நேராகத் தூக்கியது. முதல் தடவை முயன்றபோது என் காலே என் பேச்சைக் கேட்கவில்லை, கண்ணில் தண்ணி வந்துவிட்டது. பதினான்காம் நாள் 90 டிகிரி. நாலாவது வாரம் ஊன்றுகோல் மூலைக்குப் போனது.

90 டிகிரி வந்த அன்று பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்து என் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு இதெல்லாம் யாரும் சொல்லலடா" என்றார். அவ்வளவுதான். அவர் குரலில் கோபம்கூட இல்லை. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் "இன்னைக்கு எத்தனை டிகிரி?" என்று கேட்பது அவர்தான்.

நேற்று 118. ஒன்பது மாதம் முடியும்வரை கபடி கிடையாது. தரையில் சம்மணம் போட்டு உட்காரும் நாள் வந்தால், முதல் பந்தியில் அவருடைய நாற்காலிக்குப் பக்கத்திலேயே இலை போடச் சொல்லியிருக்கிறேன்.