வெறும் பெட்டியோடு ஓடிப் பார்த்த தீர்ப்புகள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வீட்டில் இருந்து யூரியூப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு வெள்ளைக்கார விமர்சகர் மூன்று டபுள் கெப் வாகனங்களை வரிசையாக நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டினார். ஆசனம் எப்படி, திரை எத்தனை அங்குலம், நூறு கிலோமீற்றர் வேகத்தைத் தொட எத்தனை செக்கன் எல்லாம் சொன்னார். சித்தப்பா இருபது வருசமாக வெங்காயம் ஏற்றி இறக்குகிற ஆள். கடைசிவரைக்கும் பேசாமல் பார்த்துவிட்டு ஒன்று கேட்டார்: "தம்பி, உவர் பின்னுக்கு ஒரு மூட்டையும் ஏத்தேல்லையே. பிறகு என்னண்டு மூண்டில எது திறமெண்டு சொல்லுறார்?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. ஆனால் கேள்வி மண்டைக்குள் நின்றுவிட்டது. நடுத்தர அளவுப் பிக்கப்புகளை விமர்சகர்கள் நியாயமாகத்தான் எடைபோடுகிறார்களா? இதைத் தேடிக்கொண்டு போனால் அது வெறும் வாகனக் கதையாக இல்லை. அளவுகோலை யார் செய்கிறார்கள், யாருக்காகச் செய்கிறார்கள் என்ற கதையாக இருக்கிறது.

முதலில் இந்த வாகனம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1968 இல் டொயோட்டா முதலாவது ஹைலக்ஸை விற்பனைக்கு விட்டது. செய்தது ஹினோ தொழிற்சாலை. 1.5 லீற்றர் எஞ்சின், ஏறக்குறைய 4.2 மீற்றர் நீளம், ஒரு தொன் சுமை. வயலுக்கும் சந்தைக்கும் கட்டட வேலைக்கும் ஓடுகிற சின்னப் பார வாகனம், அவ்வளவுதான். இன்றைக்கு அதே பெயரில் வருகிற டபுள் கெப் 5.3 மீற்றர். பெயர் ஒன்றுதான், ஆனால் பொருள் வேறு ஆகிவிட்டது. வேலைக்காரனின் வண்டி குடும்ப வாகனமாகவும், பிறகு கௌரவ வாகனமாகவும் மாறியது. நாங்கள் கீழே பார்க்கப்போகிற பிரச்சினைகளில் பாதி இந்த மாற்றத்தில் இருந்துதான் வருகிறது.

'நடுத்தர அளவு' என்ற பெயர் அமெரிக்காவில் பிறந்தது. அதற்குப் பின்னால் ஒரு கோழிக் கதை இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மலிவான கோழி இறைச்சி ஐரோப்பாச் சந்தையை நிரப்பியது. பிரான்சும் மேற்கு ஜேர்மனியும் அதற்கு வரி போட்டன. பதிலுக்கு ஜனாதிபதி ஜோன்சனின் அரசு உருளைக்கிழங்கு மா, டெக்ஸ்ட்ரின், பிரண்டி, இலகு பார வாகனம் ஆகிய நான்குக்கும் 25 சதவீத வரி விதித்தது. 1964 இல் நடைமுறைக்கு வந்த அந்த வரியில் மற்ற மூன்றும் பிறகு நீக்கப்பட்டன. பார வாகன வரி மட்டும் போகவில்லை. குறிவைத்தது ஜேர்மன் வொக்ஸ்வாகன் வானை. அடி விழுந்தது பின்னாடி வந்த ஜப்பான் பிக்கப்புகளுக்கு.

கொம்பனிகள் சும்மா இருக்கவில்லை. 1972 இல் போர்ட் நிறுவனம் மஸ்டாவிடம் வாங்கி 'கூரியர்' என்றும், செவ்ரோலே நிறுவனம் இசுசுவிடம் வாங்கி 'லவ்' என்றும் விற்றன. பின்பெட்டி இல்லாமல் இறக்கினால் வரி 4 சதவீதம்தான். ஆகவே வண்டியை மொட்டையாக இறக்கி அமெரிக்க மண்ணில் பெட்டியைப் பூட்டினார்கள். 1980 இல் அந்த ஓட்டையும் அடைபட்டது. சுபாரு இன்னும் ஒரு படி மேலே போய், தன் 'பிராட்' வாகனத்தின் பின்பெட்டிக்குள் இரண்டு பிளாஸ்டிக் ஆசனங்களை வைத்து "இது பயணிகள் கார்" என்றது! கடைசியில் அமெரிக்கக் கொம்பனிகளே சின்னப் பிக்கப் செய்யத் தொடங்கின. செவ்ரோலே எஸ்-10, போர்ட் ரேஞ்சர் எல்லாம் 1980களின் தொடக்கத்தில் வந்தவை. 1987 ஆம் ஆண்டு மாதிரியாக வந்த டொட்ஜ் டக்கோட்டாதான் 'நடுத்தர அளவு' என்ற அடையாளத்தோடு வந்த முதலாவது பிக்கப்.

இதன் விளைவு என்ன? அமெரிக்காவில் ஹைலக்ஸ் விற்பதே இல்லை. 1995 இல் இருந்து அங்கே டக்கோமா. ஒரே மாதிரித் தெரிகிற இரண்டு வேறு உலகங்கள். தாய்லாந்தில், அவுஸ்திரேலியாவில், ஆபிரிக்காவில் ஒரு தொன் ஏற்றுகிற வேலை வாகனம். அமெரிக்காவில் பெரிய பிக்கப் வாங்க இடமோ காசோ காணாதவரின் தெரிவு. ஒரு உலகத்து விமர்சகரின் தீர்ப்பை மற்ற உலகத்து ஆள் அப்படியே எடுத்தால் பிழைக்கும். யூரியூப் வந்த பிறகு நாங்கள் செய்வது பெரும்பாலும் இதைத்தான்.

சரி, விமர்சகர்களுக்கு வருவோம். மூன்று வழக்குகளைப் பார்க்கலாம்.

முதல் வழக்கு ஹொண்டா ரிட்ஜ்லைன். 2005 இல் வந்தது. மற்றப் பிக்கப்புகள் பெரும்பாலும் ஏணி போன்ற செஸியின் மேல் உடலைத் தூக்கி வைத்துச் செய்யப்பட்டபோது, ஹொண்டா காரைப் போல உடலையும் செஸியையும் ஒன்றாக்கிச் செய்தது. பின்சில்லுகளுக்கும் தனித்தனிச் சஸ்பென்ஷன். பின்பெட்டியின் தரைக்குக் கீழே பூட்டு வைத்த சாமான் அறை. அமெரிக்க அரசின் மோதல் சோதனையில் முன்பக்கத்துக்கும் பக்கவாட்டுக்கும் ஐந்து நட்சத்திரம். அடுத்த ஆண்டுக்கான வட அமெரிக்கப் பார வாகன விருது, மோட்டார் ட்ரெண்ட் சஞ்சிகையின் விருது இரண்டையும் அதுவே எடுத்தது.

இருந்தும் அன்று தொடங்கி இன்றுவரை அதைத் துரத்துகிற ஒரு வசனம்: "இது உண்மையான ட்ரக் இல்லை." வாங்குகிறவர்களும் சொன்னார்கள், விமர்சகர்கள் பலரும் சொன்னார்கள். இதில் நியாயம் கொஞ்சம் உண்டு. ரிட்ஜ்லைன் இழுக்கக்கூடியது 5,000 இறாத்தல். அந்தக் காலத்து டக்கோமா 6,500 வரை இழுத்தது. கரடுமுரடான காட்டுப் பாதையிலும் டக்கோமா முன்னுக்குத்தான். ஆனால் வாரத்தில் ஐந்து நாள் வேலைக்கும் ஆறாவது நாள் சீமெந்து வாங்கவும் ஓடுகிற ஆளுக்கு எது பொருத்தம் என்பது வேறு கேள்வி. 'உண்மையான ட்ரக்' என்ற சொல் அந்தக் கேள்வியைக் கேட்கவே விடாது.

இதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். இரண்டாம் தலைமுறை ரிட்ஜ்லைன் 2016 இல் வந்தபோது ஹொண்டா அதன் வெளித்தோற்றத்தை மற்றப் பிக்கப்புகளின் சாயலுக்கு மாற்றியது. 2017 இல் மறுபடியும் வட அமெரிக்க விருது. அப்போதும் பேச்சு அடங்கவில்லை. 2021 ஆம் ஆண்டு மாதிரிக்கு முகப்பை இன்னும் முரடாக, சதுரமாகச் செய்தார்கள். கதவுக்கு முன்னால் உள்ள தகரம்தான் பெரும்பாலும் மாறியது. ஒரு கொம்பனி விமர்சனத்துக்குப் பயந்து முகத்தை மாற்றுகிறது என்றால், எடைபோடப்பட்டது வாகனமா முகமா?

இரண்டாவது வழக்கு நேர்மாறானது. பிரிட்டனின் டொப் கியர் நிகழ்ச்சி 2003 இல் ஒரு பழைய ஹைலக்ஸைக் 'கொல்ல'ப் பார்த்தது. மரத்தில் மோதினார்கள், கடல் அலைக்குள் விட்டார்கள், நெருப்பு வைத்தார்கள், இடிக்கப்போகிற மாடிக் கட்டடத்தின் உச்சியில் ஏற்றிக் கட்டடத்தையே தகர்த்தார்கள். அதன்பிறகும் எஞ்சின் வேலை செய்தது. பார்க்கப் பார்க்க அலுக்காத காட்சி, நானும் எத்தனை தரம் பார்த்திருப்பேன். ஏற்கனவே 1987 இல் சாட் நாட்டுப் படைகள் டொயோட்டா பிக்கப்புகளில் ஓடி லிபியாவின் தாங்கிகளை விரட்டியதால் அந்தப் போருக்கே 'டொயோட்டா போர்' என்று பெயர் விழுந்திருந்தது. "ஹைலக்ஸ் சாகாது" என்பது கிட்டத்தட்ட ஒரு நம்பிக்கை ஆகிவிட்டது.

2007 இல் சுவீடனின் டெக்னிகென்ஸ் வார்ல்ட் சஞ்சிகை அதே ஹைலக்ஸின் அப்போதைய புதிய மாதிரியை வேறு ஒரு கேள்வியோடு சோதித்தது. மூஸ் சோதனை என்பார்கள். வீதியில் திடீரென்று ஒரு பெரிய மான் குறுக்கே நின்றால் சாரதி என்ன செய்வார்? பிரேக் பிடிக்காமல் வெட்டி விலத்தி, மறுபடி தன் பாதைக்கு வருவார். அதுதான் சோதனை. வாகனத்தில் சுமையும் ஏற்றியிருப்பார்கள். ஹைலக்ஸ் இரண்டு சில்லில் எழும்பிக் கவிழப் பார்த்தது. 2016 இல் அடுத்த தலைமுறை ஹைலக்ஸும் அதே சோதனையில் அப்படியே எழும்பியது. பிறகு டொயோட்டா திருத்தங்கள் செய்து, மறுபடி சோதித்தபோது தேறியது.

இதே சஞ்சிகை 1997 இல் மேர்சிடிஸ் ஏ-கிளாஸ் காரை இந்தச் சோதனையில் கவிழ்த்தது. கொம்பனி முதலில் பெரிதாக எடுக்கவில்லை. பிறகு விநியோகத்தை நிறுத்தி, வழுக்கலைக் கட்டுப்படுத்துகிற மின்னணுக் கருவியை எல்லா ஏ-கிளாஸிலும் பூட்டிக் கொடுத்தது. ஒரு சஞ்சிகையின் சோதனை உயிர் காக்கலாம் என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை.

"பிக்கப்பை ஆர் உப்பிடி வெட்டி ஓடுறது? அது அநியாயமான சோதனை" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இரவில் ஏ9 வீதியில் ஓடின ஆளிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள். மூஸ் எங்களிடம் இல்லை, மாடு இருக்கிறது. மாடிக் கட்டடத்தில் இருந்து விழுந்தாலும் எஞ்சின் ஓடும் என்பது வாகனத்தின் ஆயுளைப் பற்றிய செய்தி. உள்ளே இருக்கிறவரின் ஆயுளைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. புகழ் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது.

மூன்றாவது வழக்குத்தான் சித்தப்பாவின் கேள்விக்கு நேரே வருகிறது. பிக்கப்பின் பின்பக்கத்தில் பொதுவாக லீஃப் ஸ்பிரிங். சுமை இல்லாவிட்டால் குதிக்கும், சுமை ஏற ஏற அமைதியாகும். நிசான் நிறுவனம் 2015 அளவில் வந்த புதிய நவாரா டபுள் கெப்பில் பின்னுக்குக் கொயில் ஸ்பிரிங் போட்டது. வெறுமையாக ஓடினால் காரைப் போல இதம். ஆனால் அவுஸ்திரேலியாவில் சுமை ஏற்றியும் டிரெயிலர் கொழுவியும் ஓடியபோது பின்பக்கம் இருந்துவிடுகிறது என்று முறைப்பாடு வந்தது. நிசான் 2017 இலும் 2018 இலும் சஸ்பென்ஷனைத் திருத்தவேண்டி வந்தது. வெறும் பெட்டியோடு ஓடிப் பார்க்கிற விமர்சகர் லீஃப் ஸ்பிரிங்கைத் திட்டுவார், கொயில் ஸ்பிரிங்கைப் புகழுவார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த வாகனம் எதற்காகச் செய்யப்பட்டதோ அந்த நேரத்தில் அவர் அதில் இருக்கவில்லை.

இலக்கங்களிலும் இதே கூத்து நடந்தது. எவ்வளவு இழுக்கும் என்பதை ஒவ்வொரு கொம்பனியும் தன் பாட்டில் அளந்து சொல்லிக்கொண்டிருந்தது. 2008 இல் அமெரிக்க வாகனப் பொறியியலாளர் சங்கம் ஒரு பொது முறையைக் கொண்டுவந்தது. அரிசோனாவின் டேவிஸ் அணைக்கட்டு ஏற்றம், 100 பாகை பரனைட்டுக்குக் குறையாத வெக்கை, ஏசி முழுதாகப் போட்டபடி சுமையை இழுத்து ஏறவேண்டும். டொயோட்டா முதலில் தன் பெரிய பிக்கப்பான டன்ட்ராவுக்கு அதை ஏற்றது. உடனே அதன் இழுவை இலக்கங்கள் குறைந்தன. மற்றவர்கள் பழைய கணக்கிலேயே சில வருசம் விளம்பரம் செய்தார்கள். அந்தக் காலத்தில் இரண்டு இலக்கங்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட அட்டவணை, உண்மை சொன்னவரைத் தோற்றவராகக் காட்டியது.

அப்படியானால் விமர்சகர்கள் அநியாயக்காரர்களா? நான் அப்படிச் சொல்லமாட்டேன். அவர்களின் நிலைமையையும் பார்க்கவேண்டும். வாகனம் பெரும்பாலும் கொம்பனி இரவல் கொடுப்பது, அதுவும் ஒரு வாரத்துக்கு. பத்து வருசத்தில் துருப்பிடிக்குமா, உதிரிப்பாகம் கிடைக்குமா என்பதை ஏழு நாளில் எவராலும் அறிய முடியாது. நல்ல விமர்சகர்கள் இதைச் சொல்லிவிட்டே தொடங்குகிறார்கள். சிலர் தொன் கணக்கில் சுமை ஏற்றி ஓடியும் காட்டுகிறார்கள். சுவீடன்காரர் கவிழ்த்துக் காட்டியதால்தான் திருத்தம் வந்தது. சுமையோடு ஓடிப் பார்த்தவர்கள் கத்தியதால்தான் நவாரா மாறியது. விமர்சனம் உண்மையான வேலையில் வாகனத்தைப் பிடித்தபோது பலன் கிடைத்திருக்கிறது. முகத்தையும் புகழையும் பார்த்துச் சொன்னபோது வாங்குகிறவர்தான் ஏமாந்தார்.

ஆகவே ஒரு விமர்சனத்தைப் பார்க்கும்போது நான் இப்போது நாலு விசயம் தேடுகிறேன். வாகனத்தை ஆர் கொடுத்தது? எத்தனை நாள் ஓடினது? பின்னுக்கு எவ்வளவு ஏற்றினது? யாருக்கு நல்லது என்று சொல்லுகிறார்? கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லாத "முதலிடம்" எனக்குத் தேவையில்லை. வாகனத்துக்கு மட்டுமில்லை, படத்துக்கும் புத்தகத்துக்கும் விமர்சனம் எழுதுகிற எங்களுக்கும் இந்தக் கேள்விகள் பொருந்தும்.

சித்தப்பாவுக்கு இதெல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "அப்ப உவரை ஒருக்கா சந்தைக்கு வரச்சொல்லு. விடியக்காலமை நாலு மணிக்கு, நாப்பது மூட்டையோட."