எரிபந்தமும் நெல் இனங்களின் எதிர்ப்புத் திறனும்

எரிபந்தம், பைரிகுலேரியா ஒரைசே என்ற பங்கசு நெற்பயிருக்குக் கொடுக்கும் நோய். தமிழ்நாட்டில் இது குலைநோய். இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டுக் குளங்களின் நீரிலும் மானாவாரியாகவும் நெல் விளையும் இலங்கையின் வன்னியில், காலபோகப் பயிர் மீது மார்கழிப் பனி இறங்கும் காலம் இந்நோய்க்கு ஏற்றது.

முதலில் இலையில் ஊசிமுனையளவு புள்ளி. சில நாட்களில் அது இருபக்கமும் கூராகி, கண் போல நீளும். நடுவே சாம்பல் நிறம், ஓரத்தில் கபிலம். ஈர இலையில் ஒட்டிய வித்தி முளைத்துக் குமிழ் போன்ற உறுப்பொன்றை உண்டாக்கும். கார் டயரின் காற்றழுத்தத்தைவிட ஏறத்தாழ 40 மடங்கு அழுத்தத்தில் அது இலைத்தோலைத் துளைக்கும். கதிரின் கழுத்தைப் பற்றினால் நீரும் உணவும் மேலேறாது, மணி சப்பியாகிவிடும்.

மருந்தைவிட மலிவான காவல் எதிர்ப்புள்ள இனமே. குருநாகல் மாவட்டத்தின் பத்தலகொட ஆராய்ச்சி நிலையம் உள்நாட்டு முருங்கைக்காயன் 302-ஐ இந்தோனேசியாவின் மாஸ் இனத்துடன் கலந்து, 1958இல் எச்-4 இனத்தை வெளியிட்டது. எரிபந்தத்தைத் தாங்கியதும் அது பரவலாக விதைக்கப்பட்டதற்கு ஒரு காரணம். ஆனால் உயரமான அந்தப் பயிர் பசளை கூடினால் சாய்ந்துவிடும். பின்னர் குட்டை இனங்கள் அதன் இடத்தைப் பிடித்தன. இன்று கிளிநொச்சி மாவட்டத்தின் பரந்தனிலும் ஒரு நெல் ஆராய்ச்சி நிலையம் உண்டு.

எதிர்ப்பு நிலையானதல்ல. பயிரின் ஒரு மரபணு பங்கசின் ஒரு புரதத்தை அடையாளம் கண்டு தடுக்கிறது. அந்தப் புரதம் மாறினால் காவல் உடைந்துபோகும். ஒரே இனம் வயல்வெளி முழுவதும் நின்றால் மாறிய பங்கசுக்குத் தடையே இராது.

இதே பங்கசின் வேறொரு வகை கோதுமையையும் தாக்கும். 1985இல் பிரேசிலின் பரானா மாநிலத்தில் கண்டறியப்பட்ட அந்நோய், 2016இல் வங்காளதேசத்தில் சுமார் 15,000 ஹெக்டேயர் கோதுமையைப் பாதித்தது. மறு ஆண்டே அந்நாடு வெளியிட்ட பாரி கம் 33 இனத்தின் எதிர்ப்பு, கோதுமைக்கு உறவான ஒரு காட்டுப் புல்லிலிருந்து வந்தது.

நெல்லில் யூரியா மிகுந்தால் இலை மென்மையாகி நோய்க்கு இடங்கொடுக்கும். வயலில் இடும் உமிக்கரி சிலிக்கா தந்து இலைத்தோலை உறுதியாக்கும். எதிர்ப்புள்ள இனத்தை விதைத்தவர்க்கும் இவ்விரண்டும் பொருந்தும்.