மூன்று மிடில்பர்க்குகளும் ஒரு பந்தும்

இங்கே ஒனிஹங்காவில் இரவாகிவிட்டது. லண்டனில் காலை, ரொறன்ரோவில் இன்னும் விடியவில்லை. அப்படியிருந்தும் இணைந்திருக்கிறீர்கள், நன்றி. நியூசிலாந்திலிருந்து ஒருவர் வரலாறு பேச வந்தால் ‘தமிழ் மணி’யைத்தான் எடுப்பார் என்று நினைத்திருப்பீர்கள். இன்றைக்கு மணி இல்லை, பந்து.

ஒனிஹங்கா, ஒக்லாந்தில் மனுக்காவ் கடலேரியின் கரையில் இருக்கும் பழைய துறைமுக ஊர். தொங்கா, சமோவா போன்ற பசிபிக் தீவு மக்கள் நிறையப் பேர் இங்கே வாழ்கிறார்கள். இங்குள்ள மைதானத்தில் ஒரு புங்குடுதீவுப் பிள்ளையும் தொங்காவின் எயுவா தீவுப் பிள்ளையும் எதிரெதிரே நின்றால், பழைய ஒல்லாந்து வரைபடங்களின்படி இருவரும் ஒரே ஊர்க்காரர். இருவரும் மிடில்பர்க்காரர்.

இது எப்படி வந்தது? 1642இல் ஏபல் டாஸ்மன் ஒல்லாந்துக் கம்பனிக்காகப் பத்தேவியாவிலிருந்து புறப்பட்டார். டிசம்பரில் இந்த நாட்டைக் கண்டார். தென்தீவின் வடமுனையில் மாவோரிகளோடு மோதல் ஏற்பட்டு அவருடைய ஆட்கள் 4 பேர் இறந்தார்கள். கரையில் கால் வைக்காமலே போய்விட்டார். பின்னர் ஒல்லாந்தின் வரைபடக்காரர்கள் தங்கள் சீலாந்து மாகாணத்தின் பெயரை இந்த நாட்டுக்கு வைத்தார்கள். அந்த மாகாணத்தின் தலைநகர் மிடில்பர்க். 1643 ஜனவரியில் தொங்காவை அடைந்த டாஸ்மன், தொங்கதாப்புவுக்கு ஆம்ஸ்டர்டாம், எயுவாவுக்கு மிடில்பர்க், நொமுகாவுக்கு ரொட்டர்டாம் என்று பெயரிட்டார்.

பதினைந்து வருடம் கழித்து, 1658இல், அதே கம்பனி போர்த்துக்கீசரிடமிருந்து யாழ்ப்பாணத்தைப் பிடித்தது. எங்கள் தீவுகளுக்கும் பெயர் விழுந்தது. காரைதீவு ஆம்ஸ்டர்டாம், வேலணைத்தீவு லெய்டன், புங்குடுதீவு மிடில்பர்க், அனலைதீவு ரொட்டர்டாம், நயினாதீவு ஹார்லெம், நெடுந்தீவு டெல்ஃப்ட்.

இதை ஊர் நினைவு என்று மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. 1602இல் தொடங்கிய அந்தக் கம்பனிக்கு ஒல்லாந்தில் ஆறு கிளைச் சபைகள் இருந்தன: ஆம்ஸ்டர்டாம், மிடில்பர்க், டெல்ஃப்ட், ரொட்டர்டாம், ஹூர்ன், என்குஸன். பசிபிக்கிலும் பாக்கு நீரிணையிலும் ஒரே பெயர்கள் திரும்பத் திரும்ப வருவது அதனால்தான். முதல் போட்டவர்களின் ஊர்கள் அவை.

அந்தப் பெயர்களுக்கு என்ன நடந்தது? எயுவா எயுவாவாகவே இருக்கிறது. எங்களிடம் டெல்ஃப்ட் ஒன்றுதான் ஆங்கிலத்தில் இன்றும் உத்தியோகபூர்வமாக நிற்கிறது. அங்கே போகிறவர்கள்கூட குறிகட்டுவானில் நெடுந்தீவுக்குத்தான் படகு ஏறுகிறார்கள். ஆம்ஸ்டர்டாமாக மாறாத காரைதீவு, 1920களில் தானாகவே காரைநகர் ஆனது. கிழக்கில் இன்னொரு காரைதீவு இருந்ததுதான் காரணம்.

வரைபடத்தில் ஏறிய பெயர் வாயில் ஏறாவிட்டால் நிலைக்காது. எங்கள் ஊர்ப்பெயர்கள் கோயில் திருவிழாவில், சந்தையில், கலியாணப் பேச்சில் புழங்கின. பிறகு உதைபந்தாட்டம் வந்தது. ஆங்கிலேயர் கொண்டுவந்த விளையாட்டுத்தான். ஆனால் சனசமூக நிலையத்துக்குப் பக்கத்து வெளியில், பனைகளுக்கு நடுவே, அணிக்கு ஒன்பது பேர் இறங்கும் சுற்றுப்போட்டியில், ஒரு குறிச்சியின் பெயரை நூறு தொண்டைகள் ஒன்றாகக் கத்தின. தேவாலயத் திருநாளில் கரையூர்கள் மோதின. எந்தப் பதிவேட்டையும்விட அந்தச் சத்தம் உறுதியானது.

1990களின் தொடக்கத்தில் போர் தீவகத்தைக் காலியாக்கியது. வீடு, கிணறு, காணி எல்லாம் அங்கேயே கிடந்தன. கொண்டுவர முடிந்தது பெயர் மட்டும். லண்டனிலும் பரிஸிலும் ரொறன்ரோவிலும் சுவிஸிலும் கோடைகாலச் சனிக்கிழமைகளில் ஊர்ப்பெயர் எழுதிய சட்டைகளோடு இன்றும் அணிகள் இறங்குகின்றன. தூரத்து ஊரின் பெயரை இன்னொரு மண்ணில் சொல்வதில் நாங்களும் ஒல்லாந்தரைப் போலத்தானே என்று என்னிடம் ஒருவர் கேட்டார். இல்லை. அவர்கள் இருந்த பெயருக்கு மேலே தங்கள் பெயரை எழுதினார்கள். நாங்கள் சட்டையின் முதுகில் எழுதுகிறோம். ஆட்டம் முடிந்தால் சட்டையைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகிறோம். ஒனிஹங்கா ஒனிஹங்காவாகவே இருக்கிறது.

என் கவலை வேறு. அந்தச் சட்டையைப் போடும் பிள்ளைக்கு அது எந்த வெளி, யார் பந்து வாங்கிக் கொடுத்தார்கள், யார் கோல் காத்தார்கள் என்று தெரியாது. அறியாத ஊரின் பெயர் அவனுக்கு இன்னொரு மிடில்பர்க்தான். உங்கள் வீட்டு அலுமாரியில் பழைய அணிப் படம் ஏதாவது இருந்தால் இன்றைக்கே எடுங்கள். நிற்பவர்கள், குந்தியிருப்பவர்கள் எல்லோருடைய பெயரையும் பின்பக்கத்தில் எழுதுங்கள். அடையாளம் சொல்லக்கூடிய ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.