சிகரெட் புகையின் நச்சுகள்

சிகரெட் புகையில் 7,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் உள்ளன. அவற்றில் ஏறக்குறைய 70 புற்றுநோயை உண்டாக்குபவை: பென்சீன், ஃபார்மால்டிஹைடு, ஆர்செனிக், காட்மியம் என்று பட்டியல் நீளும். கார்பன் மோனாக்சைடு இரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பொலோனியம்-210 என்ற கதிரியக்கப் பொருளும் புகையோடு நுரையீரலுக்குள் போகிறது.

சிகரெட் கம்பெனிகளுக்கு இந்த நச்சுகளும், புகையிலையிலுள்ள நிகோடின் மக்களை அடிமையாக்குவதும் தெரியாமல் இல்லை. 1963-லேயே பிரவுன் அண்ட் வில்லியம்சன் நிறுவனத்தின் சட்ட ஆலோசகர் அடிசன் இயேமன், நிகோடின் அடிமையாக்கும் பொருள் என்று உள்குறிப்பில் எழுதினார். 1994-ல் அதே நிறுவனத்தின் தலைவர் உட்பட புகையிலை நிறுவனத் தலைவர்கள் ஏழு பேர் அமெரிக்க நாடாளுமன்றக் குழுமுன் சத்தியம் செய்துவிட்டு, அப்படி இல்லை என்றார்கள். அப்பட்டமான பொய் அது. 2006-ல் நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர், புகையிலை நிறுவனங்கள் பல பத்தாண்டுகளாக மக்களை ஏமாற்றின என்று தீர்ப்பளித்தார். பிரவுன் அண்ட் வில்லியம்சனின் தாய் நிறுவனமாக இருந்த பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ, இந்தியாவின் சிகரெட் நிறுவனமான ஐடிசியிலும் நெடுங்காலப் பெரும் பங்குதாரர்.

இந்தியாவில் பொது இடப் புகைக்கு எதிரான முதல் பெரிய தீர்ப்பு, கேரள உயர் நீதிமன்றத்தில் 1999-ல் வந்தது. 2003-ல் புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான மத்தியச் சட்டம் இயற்றப்பட்டது. 2016 முதல் சிகரெட் பெட்டியின் 85 சதவீதப் பரப்பில் படத்துடன் எச்சரிக்கை இருக்க வேண்டும்.

ஆனால் தேனி மாவட்டத்தின் மேகமலைக்கு ஏறும் வழியில் சின்னமனூர்ப் பெட்டிக்கடையில் ஒற்றைச் சிகரெட் வாங்குபவரின் கைக்கு அந்தப் படம் வருவதில்லை. உதிரி விற்பனையை நாடு முழுவதும் தடை செய்தாக வேண்டும்.