பட்டை ஓடம் நகரத்துப் பிள்ளைகளிடம் வந்த கதை

பாக் நீரிணைப் பக்கம் வத்தை என்ற படகைக் கட்டும் தச்சர்கள் முதலில் அடிமரமான ஏராவைக் கிடத்துவார்கள். அதன்மேல் விலா எலும்பு போன்ற வங்குக்கால்களை நிறுத்துவார்கள். பலகை அதற்குப் பிறகுதான். எலும்பு முதலில், தோல் பிறகு. வட அமெரிக்காவின் பேரேரிகளைச் சுற்றி வாழும் ஓஜிப்வே மக்கள் தங்கள் ஓடத்தைக் கட்டும் முறை இதற்கு நேர்மாறு. அவர்களுக்குத் தோல்தான் முதல். கோடைத் தொடக்கத்தில் மரத்தில் சாறு ஓடும் நாட்களில் பிர்ச் மரத்தின் பட்டையைப் பெரிய விரிப்பாக உரித்தெடுப்பார்கள். வெள்ளை வெளிப்புறம் ஓடத்தின் உள்ளே போகும். பழுப்பான உட்புறம் தண்ணீரைத் தொடும். விரித்த பட்டையை ஓட வடிவில் மடித்து நிறுத்தி, ஸ்புரூஸ் மரத்தின் வேரைப் பிளந்து நாராக்கித் தைப்பார்கள். வெந்நீர் ஊற்றி வளைத்த சீடர் மர வங்குக்கால்கள் கடைசியில் உள்ளே நுழைந்து பட்டையை விறைப்பாக்கும். தையல் இடுக்குகளைப் பிசின் அடைக்கும். ஓர் ஆணிகூடக் கிடையாது. கட்டி முடிந்த சிறிய ஓடத்தை ஒரே ஆள் கவிழ்த்துத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்துவிடலாம்.

தோளில் ஏற்ற முடியாத ஓடத்துக்கு அந்த நிலத்தில் வேலையே இல்லை. மினசோட்டா மாநிலத்தின் வடகிழக்கும் அதை ஒட்டிய கனடாவும் பனியாறுகள் சுரண்டிவிட்டுப் போன பாறை நாடு. ஓர் ஏரி, ஒரு பாறை மேடு, மறுபடி ஓர் ஏரி என்று நூற்றுக்கணக்கான கல் தொலைவுக்கு அப்படியே போகும். தண்ணீர் முடியும் இடத்தில் ஓடத்தைத் தூக்கிக்கொண்டு காட்டு வழியே அடுத்த ஏரிக்கு நடக்க வேண்டும். இந்த நடைக்கு பிரெஞ்சுக்காரர்கள் வைத்த ‘போர்ட்டேஜ்’ என்ற பெயரே இன்றும் வழங்குகிறது. இந்த ஓடத்துக்கு இன்று வழங்கும் கனூ என்ற பெயர் வந்த வழி வேறு. கரீபியத் தீவுகளின் தைனோ மக்கள் தங்கள் குடைமரத் தோணிக்கு வைத்திருந்த சொல் ஸ்பானியர் வாய்வழியாக ஐரோப்பாவுக்குப் போய், பிறகு வடக்கின் பட்டை ஓடத்துக்கும் ஒட்டிக்கொண்டது. நம் கட்டுமரம் ஆங்கிலத்தில் ‘கேட்டமரன்’ ஆகி, கட்டப்படாத இரட்டை உடல் படகுகளைக் குறிக்கப் போனதுபோல.

ஐரோப்பாவில் நீரில் வாழும் கொறிவிலங்கான பீவரின் ரோமத்தால் செய்த தொப்பிக்கு ஏற்பட்ட மோகம்தான் இந்த ஓடத்தை முதன்முதலில் பிறர் கைக்கு மாற்றியது. 18-ஆம் நூற்றாண்டில் தோல் வணிகக் கம்பெனிகள் பட்டை ஓடத்தின் நுட்பத்தை அப்படியே எடுத்துக்கொண்டு அளவை மட்டும் பெருக்கின. மான்ட்ரியாலிலிருந்து புறப்படும் ஓடம் சுமார் 36 அடி நீளம். டன் கணக்கில் சரக்கு கொள்ளும். உள்நாட்டுச் சிற்றேரிகளுக்கான ‘வடக்கு ஓடம்’ சுமார் 25 அடி. துடுப்புப் போட்ட கூலிகளை வாயஜர் என்றார்கள். போர்ட்டேஜில் ஒவ்வொருவரும் 90 பவுண்டு மூட்டை இரண்டை ஒரே நடையில் சுமக்க வேண்டும். கிட்டத்தட்ட 80 கிலோ. சுப்பீரியர் ஏரிக்கரையின் கிராண்ட் போர்ட்டேஜ் எட்டரை மைல். அந்த வழியில் நடந்தவர்கள் பெரும்பாலும் ஏழைக் குடியானவர்களின் பிள்ளைகள் என்பதை இங்கே சொல்லி வைக்கிறேன். பின்னால் இதே வடிவ ஓடத்தில் வேறு ஏழைப் பிள்ளைகள் ஏறப்போகிறார்கள்.

தொப்பி மோகம் தணிந்தது. வணிகமும் போயிற்று. 1854-இல் லா பாயிண்ட் ஒப்பந்தத்தின் மூலம் அந்த வடகிழக்கு மினசோட்டா நிலம் ஓஜிப்வேக்களிடமிருந்து அமெரிக்க அரசின் கைக்குப் போனது. வேட்டைக்கும் மீன்பிடிக்கும் உள்ள உரிமையை மட்டும் அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. பிறகு அவர்களுடைய பிள்ளைகளை உண்டு உறைவிடப் பள்ளிகளுக்குக் கொண்டுபோய், தாய்மொழி பேசினால் தண்டித்தார்கள். ஓடம் கட்டும் கை அங்கே அறுபட்டது. முழுதாக அறுபடவில்லை. விஸ்கான்சினில் லாக் டு ஃபிளாம்போ பகுதியைச் சேர்ந்த வேய்ன் வாலியர் போன்ற சில ஆசான்கள் இன்றும் பட்டை உரித்துத் தைத்து இளையவர்களுக்குக் கற்றுத் தருகிறார்கள். கனூவின் வரலாற்றை யார் எழுதினாலும் இந்தப் பத்தியைத் தாண்டிக் குதிக்கக் கூடாது என்பது என் எண்ணம்.

வெள்ளையர் கையில் பட்டையின் இடத்துக்குக் கித்தான் வந்தது. மெல்லிய சீடர் பலகைமேல் கித்தானை இழுத்துப் பூசிய அந்த ஓடங்கள் அழகானவை. வசதியுள்ளவர்களின் விடுமுறைப் பொழுதுக்கு உரியவை. அடுத்து வந்த மாற்றம்தான் பெரிது. 1944-இல் கிரம்மன் விமானக் கம்பெனியின் பொறியாளர் வில்லியம் ஹாஃப்மன் அடிரோண்டாக் மலைக்கு விடுமுறையில் போய், கித்தான் ஓடத்தைத் தோளில் சுமந்து களைத்துப் போனார். போருக்காக ஆயிரக்கணக்கில் ஹெல்கேட் போர் விமானங்களைச் செய்துகொண்டிருந்த தொழிற்சாலை அது. அலுமினியத் தகட்டை அச்சின்மேல் இழுத்து வளைப்பது அங்கே அன்றாட வேலை. அதே முறையில் இரண்டு பாதிகளாக ஓடத்தை அழுத்தி எடுத்து, நடுவில் தறையாணி அடித்துச் சேர்த்தார்கள். போர் முடிந்ததும் கிரம்மன் கனூ சந்தைக்கு வந்தது. பாறையில் மோதினால் நசுங்கும், உடையாது. சுத்தியால் தட்டி நிமிர்த்தலாம். மழையிலும் பனியிலும் வெளியே போட்டுவைக்கலாம். பழகாத பிள்ளைகளிடம் நம்பிக் கொடுக்கக்கூடிய ஓடம் அது. முகாம்களும் சாரணர் குழுக்களும் அதை வாங்கிக் குவித்ததற்கு அதுதான் காரணம். 17 அடி ஓடம் ஏறத்தாழ 34 கிலோ. தூக்கித்தான் பார்க்க வேண்டும். இதே கம்பெனிதான் பின்னால் நிலவில் இறங்கிய அப்பல்லோ கலத்தையும் செய்தது.

இனி 1964-க்கு வருவோம். அந்த ஆண்டு ஜூன் மாதம் ஃபுளோரிடாவின் செயின்ட் அகஸ்டின் நகரில் ஒரு விடுதியின் நீச்சல் குளத்தில் கறுப்பின மக்களும் வெள்ளையரும் சேர்ந்து இறங்கிப் போராடினார்கள். விடுதிக்காரர் குளத்தில் அமிலத்தைக் கொட்டினார். ஜூலை 2-ஆம் தேதி குடிமை உரிமைச் சட்டம் கையெழுத்தானது. செப்டம்பர் 3-ஆம் தேதி வனப்பரப்புச் சட்டம் கையெழுத்தானது. மினசோட்டாவின் ஏரி நாடும் அதில் காக்கப்பட்ட பகுதி ஆனது. அதே ஆண்டில்தான் அவுட்வர்டு பவுண்டு இயக்கம் அங்கே இளைஞர்களுக்கான கனூப் பள்ளியையும் தொடங்கியது. தண்ணீரைக் காக்கும் சட்டமும், தண்ணீரில் இறங்கியவர்கள்மேல் அமிலமும் ஒரே கோடைக்குள். இவற்றைத் தனித்தனிக் கதைகளாகப் படிக்க என்னால் முடியவில்லை.

நகரத்துக் கறுப்பினப் பிள்ளைக்கு நீச்சல் தெரியாமல் போனது தற்செயல் அல்ல. எல்லோருக்கும் குளத்தைத் திறந்துவிட வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னதும், பல நகரங்கள் குளத்தையே மூடின. மண் போட்டு நிரப்பியவையும் உண்டு. பாட்டிக்கு நீச்சல் தெரியாது, அம்மாவுக்குத் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது. 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்கக் கறுப்பினப் பிள்ளைகளில் 64 சதவீதத்தினருக்கு நீச்சல் சிறிதும் தெரியாது, அல்லது அரைகுறையாகவே தெரியும் என்று தெரிந்தது. வெள்ளையினப் பிள்ளைகளில் இது 40 சதவீதம். ஏரிகளின் நகரம் என்று பெயர் பெற்ற மினியாபொலிஸிலும் 1910 முதல் பல வீட்டுப் பத்திரங்களில் ‘வெள்ளையரல்லாதோருக்கு விற்கக் கூடாது’ என்ற ஷரத்து இருந்தது. பூங்காக்களையும் ஏரிகளையும் ஒட்டிய மனைகளில் அது மிகுதி. மினசோட்டா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் அந்தப் பத்திரங்களைத் தெருத்தெருவாக வரைபடத்தில் குறித்திருக்கிறார்கள். நகரத்துக்குள்ளேயே மிசிசிப்பி ஓடுகிறது. அதன் பக்கத்திலேயே வளர்ந்தும் ஒருநாளும் அதில் கால் வைக்காத பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள்.

ஓடத்தின் பயணத்தில் அடுத்த திருப்பம் ஒரு வாக்குவாதத்தில் பிறந்தது. 1970-களில், மோட்டார் படகுகளை ஏரி நாட்டிலிருந்து விலக்கினால் மாற்றுத்திறனாளிகள் அங்கே போகவே முடியாது என்று எதிர்ப்பாளர்கள் வாதிட்டார்கள். அதைச் சோதித்துப் பார்த்துவிடுவது என்று கிரெக் லைஸ் என்ற இளைஞரும் நண்பர்களும் 1977-இல் கிளம்பினார்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர்களும் காது கேளாதவர்களும் அந்தக் குழுவில் இருந்தார்கள். கனூவில் போனார்கள், திரும்பி வந்தார்கள். மறு ஆண்டு வில்டர்னஸ் இன்குவயரி என்ற அமைப்பு மினியாபொலிஸில் உருவாயிற்று. ‘அவர்களால் முடியாது’ என்ற பேச்சை ஒருமுறை பொய்யாக்கியவர்கள், நகரத்துப் பிள்ளைகள் விஷயத்திலும் அதே பேச்சைக் கேட்டபோது சும்மா இருக்கவில்லை.

ஏரி நாட்டுக்குள் ஒரு குழுவில் ஒன்பது பேருக்கு மேல் போக அனுமதி இல்லை; ஓடங்கள் நான்குக்கு மேல் கூடாது. காட்டைக் காக்க அது சரியான விதி. அழைத்துப்போகும் இரண்டு பெரியவர்களைக் கழித்தால் ஏழு பிள்ளைகள். ஒரு வகுப்புக்கு எத்தனை குழு, எத்தனை வாரம், எவ்வளவு பணம்? அதனால் ஓடத்தையே நகரத்துக்குக் கொண்டுவந்தார்கள். 24 அடி நீளம், மரக்கீற்றும் கண்ணாடி இழையும் சேர்ந்த உடல், பத்துப் பேர் உட்காரலாம். அளவையும் வடிவையும் பார்த்தால் தோல் வணிகர்களின் வடக்கு ஓடமேதான். மினியாபொலிஸில் மிசிசிப்பி ஆற்றில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றத் தொடங்கிய அந்தத் திட்டம் 2010 முதல் ‘கனூமொபைல்’ என்ற பெயரில் இழுவண்டியில் ஓடங்களை அடுக்கிக்கொண்டு அமெரிக்க நகரங்கள் பலவற்றுக்கும் போகிறது.

நகரத்து ஆற்றில் ஒரு காலைப்பொழுது என்பது தொடக்கம். உயிர்காப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு முதல்முறை ஓடத்தில் கால் வைக்கும் பிள்ளை அதன் ஆட்டத்தில் உறைந்துபோகும். பக்கத்தில் ஒன்பது பேர் இருப்பது அந்தப் பயத்துக்கு மருந்து. அடுத்த படி, நகரத்துக்குப் பக்கத்தில் ஓரிரவுக் கூடாரம். அதற்கு அடுத்ததுதான் வடக்கே ஏரி நாடு.

அங்கே பத்துப் பேர் ஓடம் இல்லை. இரண்டு மூன்று பேர் ஓடம். முன்முனையான அணியத்தில் இருப்பவர் பாறையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பின்முனையான அமரத்தில் இருப்பவர் திசையைப் பிடிக்க வேண்டும். இருவருக்கும் சண்டை என்றால் ஓடம் நின்ற இடத்தில் வட்டமடிக்கும். யாரும் உபதேசிக்க வேண்டியதில்லை, காற்றே சொல்லிவிடும். வரைபடத்தில் போர்ட்டேஜின் தூரத்தை ‘ராடு’ என்ற பழைய அளவில் குறித்திருப்பார்கள். ஒரு ராடு பதினாறரை அடி, கிட்டத்தட்ட ஓர் ஓடத்தின் நீளம். நூறு ராடு என்றால் நூறு ஓட நீளம் நடக்க வேண்டும், தோளில் ஓடத்தோடு. இப்போது கெவ்லார் இழையில் செய்த ஓடங்கள் இருபது கிலோவுக்குள் இருக்கின்றன. பதினாலு வயதுப் பெண் தனியாகத் தூக்கிக்கொண்டு போகலாம்.

சின்ன விஷயம் ஒன்று. கரையை நெருங்கும்போது ஓடம் பாறையில் உரசாமலிருக்க, தண்ணீரிலேயே காலணியோடு இறங்கிவிட வேண்டும் என்பது அங்கே முதல் பாடம். வீட்டில் ஒரே ஒரு ஜோடிக் காலணி உள்ள பிள்ளைக்கு அது எளிதா? திங்கட்கிழமை பள்ளிக்கு எதைப் போட்டுக்கொண்டு போவது? காலணி, மழைச்சட்டை, தூக்கப்பை எல்லாவற்றையும் அமைப்பே கொடுக்காவிட்டால் இலவசப் பயணம்கூட ஏழைக்குச் செலவுதான். நல்ல அமைப்புகள் இதை அறிந்து கொடுக்கின்றன.

இரவில் தெருவிளக்கு இல்லை. கைபேசிக்குச் சிக்னல் இல்லை. லூன் பறவையின் நீண்ட ஓலத்தை முதல்முறை கேட்பவர்கள் ஓநாய் என்று நினைத்துக் கூடாரத்துக்குள் ஒடுங்குவார்கள். சாப்பாட்டு மூட்டையைக் கரடிக்கு எட்டாத உயரத்தில் கட்டித் தொங்கவிட வேண்டும். கொசு கடிக்கும், மழை பெய்யும். இவை எல்லாம் சேர்ந்து ஏழைப் பிள்ளையைத் ‘திருத்துகின்றன’ என்று நன்கொடைத் துண்டறிக்கைகள் எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. அந்தப் பிள்ளை கெட்டுப்போகவில்லை, திருத்துவதற்கு. அதன் வீட்டுக்கு அருகே ஓடிய தண்ணீர் அதற்கு மறுக்கப்பட்டது. அதைத் திருப்பித் தருகிறோம், அவ்வளவே. காசுள்ள வீட்டுப் பிள்ளை கோடை முகாமுக்குப் போனால் விடுமுறை என்கிறோம், இல்லாத வீட்டுப் பிள்ளை போனால் சிகிச்சை என்கிறோமே, அது நியாயமா?

ஒரு பயணத்தால் எல்லாம் மாறிவிடும் என்றும் நான் சொல்லமாட்டேன். ஏழு நாள் கழித்து அதே தெருவுக்குத்தான் திரும்ப வேண்டும். ஆனால் மறு கோடையில் மறுபடி போகும் பிள்ளை அமரத்தில் உட்காரும். அதற்கடுத்த கோடையில் புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும். பிறகு கூலி பெற்று வழிகாட்டியாக நிற்கும். அணியத்திலிருந்து அமரத்துக்கு நகர மூன்று கோடையாவது வேண்டும்.

வட அமெரிக்காவில் வாழும் தமிழர்களில் கோடையில் கனூ வாடகைக்கு எடுத்து ஏரிக்குப் போகிறவர்கள் பலர். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். இத்தகைய அமைப்புக்குப் பணம் கொடுக்க நினைத்தால், மூன்று பிள்ளைகளின் ஒரு பயணத்துக்கு என்று கொடுக்காதீர்கள். ஒரு பிள்ளையின் மூன்று பயணங்களுக்கு என்று கேட்டுக் கொடுங்கள். காலணிக்கும் சேர்த்து.