கனாவும் கனவும்



நம் தோட்டத்து வீடுகளில் பெரியவர்கள் "ராத்திரி ஒரு கனாக் கண்டேன்" என்பார்கள். பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளோ, "கனா என்பது கொச்சை, கனவு என்று சொல்லுங்கள்" எனத் திருத்துவதுண்டு. யார் சொல்வது சரி? அச்சொல்லின் வரலாற்றையே கேட்போம்.

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் இதற்கு விதி கூறுகிறது. குறில் எழுத்தை அடுத்து ஈற்றில் நிற்கும் 'ஆ', 'அ' எனக் குறுகி, 'உ' என்னும் எழுத்தை ஏற்பதுண்டு; மாறாமல் அப்படியே நிற்பதும் உண்டு. இவ்வாறே நிலா நிலவாயிற்று, இரா இரவாயிற்று, கனா கனவாயிற்று. நிலாவை எவரும் கொச்சை என்பதில்லை. கனாவை மட்டும் ஏன் ஒதுக்க வேண்டும்?

சிலப்பதிகாரத்தில் கண்ணகி தான் கண்ட தீக்கனாவைத் தேவந்தியிடம் கூறும் பகுதிக்குக் 'கனாத்திறம் உரைத்த காதை' என்று பெயர். திருக்குறளில் 'கனவுநிலை உரைத்தல்' என்னும் அதிகாரம் உண்டு. ஆக, இரண்டும் நூலேறிய சொற்களே. எழுதும்போது ஒன்றை மட்டும் நினைவில் கொள்வோம்: 'கனாக் கண்டேன்' என்பதில் 'க்' மிகும், 'கனவு கண்டேன்' என்பதில் மிகாது.

மலையாளத்தில் 'கினாவு', கன்னடத்தில் 'கனசு' என்பவை இச்சொல்லின் உடன்பிறப்புகள். நம்மில் சிலர் சொல்லும் 'சொப்பனம்' வேறு குடும்பத்தது. அது வடமொழியின் 'சுவப்ன' என்பதிலிருந்து வந்தது. அங்கே அதற்கு உறக்கம், கனவு என்னும் இரு பொருளும் உண்டு. தொலைவிலுள்ள அயர்லாந்தின் ஐரிஷ் மொழியில் உறக்கத்தைக் குறிக்கும் 'சூவன்' என்னும் சொல்லும் அதற்கு உறவே.

அந்த ஐரிஷ் மொழிக்கு நேர்ந்தது நமக்கும் பாடம். 1845இல் தொடங்கிய கொடும்பஞ்சத்தில் அதைப் பேசிய ஏழைகள் பெருந்தொகையாக மாண்டனர், பலர் கப்பலேறினர். ஆங்கிலமே சோறு போடும் என்றெண்ணிய பெற்றோர் பலர், பிள்ளைகளிடம் தாய்மொழியில் பேசுவதையே விட்டனர். பின்னர் அரசு அதைப் பள்ளிகளில் கற்பித்தும், வீடுகளில் பழைய நிலைக்குக் கொண்டுவர இயலவில்லை.

நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய நம் முன்னோர் பலர், ஜெரெஜாக் தீவின் தொற்றுத்தடுப்பு முகாமில் தங்கிய பிறகே தோட்டங்களுக்குச் சென்றனர். மூட்டை முடிச்சோடு அவர்கள் கொண்டுவந்த சொற்களுள் கனாவும் ஒன்று.

ஆகவே பெரியோர்களே, கூச்சமின்றிக் கனா என்றே பேசுங்கள். மாணவச் செல்வங்களே, தேர்வில் கனவு என்று எழுதுங்கள். பாட்டியிடம் கனாக் கதை கேளுங்கள். வீட்டில் வழங்கும் சொல்லே நிலைக்கும்.